மூக்கனின் 395ஆவது பொட்டு

1.

மொத்தம் எழுநூற்று இருபது மணி நேரம். அதில் எழுநூற்றுப் பத்தொன்பது உண்மை.

மிச்சமிருக்கும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. கற்பனை எல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மேசை இழுப்பறையில் ஒரு சுருள் காகித நாடா இருக்கிறது. இரண்டு விரல் அகலம். அதில் வரிசையாகப் பொட்டுகள், மணிக்கு ஒன்று. பகல் பொட்டுகள் சாம்பல் நிறம். இரவுப் பொட்டுகள் கிட்டத்தட்ட வெள்ளை. முந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்தாவது பொட்டு மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘சுங்கை சிப்புட்டில் பொழுது விடியும்போதே குவாரியின் சத்தம்—’

(நிறுத்திவிட்டேன். விடியலில் தொடங்கும் கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.)

இரண்டாவது: ‘துளசிக்கு இருபத்து நான்கு வயது. அதிகம் பேசமாட்டாள். அவளுடைய கண்கள்—’

(இந்தக் கதைக்குக் கண்கள் தேவையில்லை.)

மூன்றாவது: ‘ஆயுத பூசை அன்று காலை பத்தேகால் மணிக்கு, லாரி ஓட்டுநர் சீனி, காற்றில் உள்ள தூசியை அளக்கும் கருவிக்குச் சாம்பிராணி காட்டினார்.’

இது சரி. ஆள், நேரம், குற்றம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. இதையே வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு.

2.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலிப்பாக இருந்தால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுங்கள். சீனி அங்கே காத்திருப்பார்.

ஓர் உயரமான குழாய், அதன் தலையில் ஒரு தொப்பி. கீழே பெட்டிக்குள் பம்பு. பம்பு காற்றை இழுக்கும். காற்று காகித நாடாவைக் கடந்து போய்விடும், தூசி நாடாவிலேயே தங்கிவிடும். ஒரு மணி நேரம் ஆனதும் நாடா ஓர் அடி எடுத்து வைக்கும். தங்கிய பொட்டின் ஒரு பக்கம் கடுகளவு கதிரியக்கப் பொருள், மறுபக்கம் கதிர்களை எண்ணும் கருவி. பொட்டு எவ்வளவு கனமோ, அவ்வளவு குறைவான கதிர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத் தூசியின் எடையைச் சொல்லிவிடும். அதற்குச் சொந்தக் கருத்து எதுவும் கிடையாது. குவாரித் தூசியா, சாத்தே இறைச்சி சுட்ட புகையா, பக்கத்து வீட்டு முகப் பவுடரா என்று விசாரிக்காது.*

(* ஈரப்பதத்தை விரட்ட உள்ளே சூடேற்றும் பகுதி ஒன்றும் உண்டு. விட்டுவிட்டேன். வேதியியல் படித்தவர்கள் கடிதம் எழுத வேண்டாம்.)

கருவி காம்பாரில் துளசி படித்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து இரவலாக வந்தது. இரண்டு நிபந்தனைகள். இயக்குபவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. இயக்குபவர் தொட்டாலும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இயக்குபவர் துளசி, சீனியின் மகள்.

எதற்காக இரவல்? சுங்கை சிப்புட்டை அடுத்த ஏழாங்கட்டைக்காக. முன்பு ரப்பர் தோட்டம், பிறகு செம்பனை, இப்போது இருநூறு வீடுகள் கொண்ட தாமான், அதாவது குடியிருப்பு. பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. மலையில் குவாரி. காலை ஏழு மணிக்குத் தொடங்கிக் கல் உடைத்து, மாலை ஏழுக்கு நிற்கும். இப்போது இரவிலும் ஓட்ட அனுமதி கேட்டிருக்கிறது. தாமான்காரர்கள் மனு கொடுத்தார்கள். ‘தூசி தூசி என்கிறீர்களே, எண் எங்கே?’ என்று கேட்டது மாவட்ட அலுவலகம். முப்பது நாள், ஒரு மணி நேரம்கூட விடாமல், எண் வேண்டும். அதை வைத்துத்தான் விசாரணை.

பக்கத்து வீட்டு முத்தம்மாவுக்கு ஆஸ்துமா. பகல் முழுக்க ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி வைத்திருப்பார். ஏழு மணிக்குக் குவாரி நின்றதும் ஒவ்வொன்றாகத் திறப்பார்.

“எனக்குன்னு இருக்கறது அந்தப் பன்னண்டு மணி நேரந்தான் லா,” என்றார் துளசியிடம். “அதையும் புடுங்கிட்டா நான் எப்ப மூச்சு விடறது? பொது விடுமுறையிலயா?”

 துளசி கருவியைக் கொண்டுவந்து நிறுவினாள். அவளுடைய பதில்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

3.

சீனி காத்திருக்கிறார். அழைக்கிறேன்.

தாமானில் யாரும் கருவி என்று சொல்லவில்லை. சீனியின் வீட்டுப் போர்ச்சின் மேல்தளத்தில் நின்றுகொண்டு ஊர்க் காற்றையெல்லாம் மோந்து பார்க்கிறவனுக்கு மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினான்காம் நாளிலிருந்து மூக்கனுக்கு உடம்பு சரியில்லை. பம்பின் இழுப்பு குறைந்தது. இழுப்பு குறைந்தால் மணி அடிக்கும். அடித்தால் துளசி ஏணியில் ஏறிக் குழாயை அழுத்திப் பிடிப்பாள், திருகுகளை முடுக்குவாள், இறங்குவாள். இரண்டு மணி நேரத்தில் மறுபடி அடிக்கும். ஆய்வுக்கூடத்தில் கேட்டதற்கு, மாற்று பம்பு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு மணி நேரம் முழுசாக விட்டுப்போனால் முப்பது நாளும் வீண்.

பதினேழாம் நாள் ஆயுத பூசை. தாமானில் சக்கரம் உள்ளது, சுற்றுவது, வெட்டுவது எல்லாவற்றுக்கும் பொட்டு. லாரி, மோட்டர், முத்தம்மாவின் தையல் மிஷின், யுகேந்திரன் கடையில் டயர் கழற்றும் மிஷின். ஒரு வீட்டில் வைஃபை பெட்டிக்கும் வைத்திருந்தார்கள்.

சீனி மேலே பார்த்தார்.

“எல்லா மிஷினுக்கும் பூச போட்டாச்சு. தாமானையே காப்பாத்தப்போற மிஷினு மட்டும் வெறும் நெத்தியோட நிக்குது. அதுக்குக் கோவம் வராதா?”

ஏணியில் ஏறினார். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். குழாய்க்குச் செவ்வந்தி மாலை. பிறகு தூபக்காலில் கங்கு நிரப்பி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, தொப்பியைச் சுற்றி மூன்று சுற்று.

“நல்லா இழுடா மூக்கா.”

மூக்கன் நல்லாவே இழுத்தான். உலகத்தில் எந்தச் சாமியும் இவ்வளவு சிரத்தையாகத் தூபத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவு இல்லை. பதினொரு மணிக்கு நாடா நகர்ந்தது. திரையில் எண் வந்தது: 907.

வழக்கமாகப் பகலில் 138 வரும். இரவில் 30.

அதைவிடப் பெரிய விஷயம், அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை. மீதிப் பதிமூன்று நாளும் மூக்கன் கிண்ணென்று ஓடினான்.*

(* மாலையைக் கட்டும்போது குழாயின் தளர்ந்த கவ்வி இறுகியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். மாலை கட்டியவருக்கே தெரியாது.)

4.

இந்த இடத்தில் கட்டுரை மாதிரி ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. கணக்கு சின்னதுதான்.

சட்டம் ஒரு நாளின் சராசரியைப் பார்க்கிறது. நூறைத் தாண்டினால் தப்பு. ஏழாங்கட்டையில் பகல் 138, இரவு 30, சராசரி 84. தப்பில்லை. இருபத்தொன்பது நாளும் இப்படியே சுற்றி வந்தது. அதாவது பகல் பூராவும் தூசியைத் தின்று, இரவில் மூச்சுவிட்டு, சட்டப்படி நலமாக இருக்கிறார்கள். பூசை நாள் மட்டும் அந்த 907 புண்ணியத்தில் 116.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் யுகேந்திரன் அந்த 116ஐப் பார்த்ததும் துள்ளினார். டயர்க்கடை வைத்திருப்பவர், உரத்த குரல், எதற்கும் பதாகை அடித்துவிடுவார். இதற்கும் அடித்தார். நான்கு அடிக்கு எட்டு அடி, சிவப்பில் 116.

துளசி ஓர் அட்டவணையோடு அவர் கடைக்குப் போனாள்.

“அண்ணே, 116 வேண்டாம். இந்தப் பகல், ராத்திரி அட்டவணை போதும். ராத்திரி குவாரி நிக்கறதாலதான் சராசரி நூறுக்குள்ள இருக்கு. ராத்திரியும் ஓட்டினா நாள் பூரா 138தான். அவங்க கேக்கற அனுமதியே அவங்களுக்கு எதிரான சாட்சி.”

அவள் அந்த வருடத்தில் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு இது.

“தங்கச்சி,” என்றார் யுகேந்திரன், “இத வெளக்க பத்து நிமிஷம் ஆவும். 116ன்னா ஒரு செகண்டு. பெரிய எழுத்துல போட்டா பைத்தியக்காரனுக்கும் புரியும்.”

“அந்த மணி நேரத்துல சாம்பிராணிப் பொக உள்ள போயிருக்கு, அண்ணே.”

யுகேந்திரன் டயர் கழற்றும் மிஷினை நிறுத்தினார்.

“யாரு காட்டுனா?”

துளசி குனிந்து அட்டவணையைப் பார்த்தாள். எல்லா எண்களும் அங்கேயேதான் இருந்தன.

“சரி சரி, சொல்லாத,” என்றார் அவர். “பேரு தெரியாத வரைக்கும் யாரும் காட்டல லா. குறிப்பேட்டுல இருக்கா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன? முடிஞ்சுது.” மிஷினை மறுபடி ஓட்டினார்.

5.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். நான்காம் பகுதியில் துளசி ஏன் ‘அப்பா காட்டினார்’ என்று சொல்லவில்லை? அப்பாவைக் காப்பாற்றவா? அப்படி எழுதினால் அழகாக இருக்கும். எழுதியும் பார்த்தேன்:

‘தந்தையின் கறுத்த கைகளை நினைத்தபோது அவள் நெஞ்சு—’

வேண்டாம். ஏனென்றால் சீனி அன்று ஏழாங்கட்டையிலேயே இல்லை. பட்டர்வொர்த்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: மாலை போட்ட லாரி, பக்கத்தில் மாலை போடாத சீனி.

மூன்றாம் பகுதியில் நீங்கள் படித்த பூசையை நடத்தியது அவர் இல்லை. பூசை நடந்தது, கை வேறு.

முத்தம்மாவின் கையில் தூபக்காலைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது படியிலேயே இருமல் வந்து இறங்கிவிட்டார். அவர் வீட்டில் சாமிக்குக்கூட ஊதுபத்தி கிடையாது, வெறும் பூதான். யுகேந்திரனை ஏற்றினால் ஏணி தாங்காது.

பின் ஏன் சீனியை எழுதினேன்? வசதியாக இருந்தது. லாரிக்காரர் ஒருவர் அறிவியல் கருவிக்குச் சாம்பிராணி காட்டினார் என்றால் வாசகர் உடனே நம்புவார், சிரிப்பார். நீங்களும் சிரித்திருப்பீர்கள். சீனிக்கும் கோபம் வராது. இதுவே வேறு ஒருவர் செய்ததாக எழுதினால், சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும், கேள்வி வரும்.

அன்று மாலை சீனி வீட்டுக்கு வந்தார். வாசலில் கங்கு அணைந்த தூபக்கால். மேலே மூக்கன் நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. வீட்டில் அவரும் துளசியும் மட்டும்தான். அவர் மேலே பார்த்தார். சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“மூக்கன் மாப்பிள்ள மாதிரி இருக்கான் லா,” என்றார். கோப்பியை வாங்கிக்கொண்டு டிவியைப் போட்டார்.

அவ்வளவுதான் கேட்டார்.

குறிப்பேட்டில் பதினேழாம் நாளின் வரி காலியாக இருந்தது.

(மீதி யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, ஒருவர் எழுந்து நின்று வாயால் சொல்வது வேறு. அதற்கு இன்னும் ஒரு பகுதி இருக்கிறது.)

6.

விசாரணை பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தில், காலை ஒன்பது மணிக்கு. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த மலாய்க்காரப் பெண் அதிகாரியை எல்லாரும் மரியாதையாகப் புவான் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பேச்செல்லாம் மலாயில். தமிழில் தருகிறேன்.

குவாரியின் சார்பில் ஈப்போவிலிருந்து பிரேம்நாத் என்ற ஆலோசகர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல குரல். வாசலில் துளசியைப் பார்த்து, “நல்லா செஞ்சிருக்கீங்கம்மா, ரிப்போர்ட்டு ரொம்ப சுத்தம்,” என்று தமிழில் பாராட்டினார். அவர் அதை மனசாரவே சொன்னார் என்பதுதான் துளசிக்குக் கஷ்டமாக இருந்தது.

யுகேந்திரன் பதாகையை விரித்தார். புவான் 116ஐப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார், தலையசைத்தார். முத்தம்மா துளசியின் தொடையில் தட்டினார்.

பிரேம்நாத் எழுந்தார்.

“புவான், அன்றைய கணக்கு முழுவதும் ஒரே மணி நேரத்தில் நிற்கிறது. பத்திலிருந்து பதினொன்று வரை. அந்த நேரத்தில் குவாரி ஓடவில்லை.” ஒரு காகிதத்தை நீட்டினார். “மின்சாரப் பதிவு. கல் உடைக்கும் இயந்திரங்களை நிறுத்தி வைத்திருந்தோம்.”

“ஏன்?”

“அவற்றுக்கும் ஆயுத பூசை, புவான்.”

மண்டபத்தில் சிரிப்பு. யுகேந்திரனின் பதாகை ஒரு பக்கம் தொங்கியது. புவான் சிரிக்கவில்லை.

“அப்படியானால் 907 எங்கிருந்து வந்தது? கருவியை இயக்கியவர் யார்?”

துளசி கையை உயர்த்தினாள். காது உயரத்துக்கு மேல் போகவில்லை.

“அந்த ஒரு மணி நேரத்தில் ஏதாவது நடந்ததா? குறிப்பேட்டில் ஒன்றும் இல்லையே.”

அவள் மடியில் குறிப்பேடு இருந்தது, அதன் மேல் நாடாச் சுருள். ஒரு வாரமாகக் குளியலறையில் மலாயில் சொல்லிப் பார்த்த வாக்கியம் இருந்தது. வாய் மட்டும் இல்லை.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“நான்தான், புவான்,” என்றார் சீனி. “அவளுக்குத் தெரியாது. நான் படிக்காதவன். மிஷினுன்னா சாம்பிராணி காட்டணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏணி இருந்துச்சு, ஏறிட்டேன்.”

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு முந்தியதைவிட நிம்மதியாக இருந்தது. எல்லாருக்கும் உடனே நம்பிக்கை வந்துவிட்டது, என் மூன்றாவது தொடக்கத்தை நீங்கள் நம்பியது மாதிரி. முத்தம்மாகூட, “இந்த மனுசன் இருக்கானே,” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சிரிக்காதவர்கள் இருவர். ஒருவர் துளசி. இன்னொருவர் பிரேம்நாத். அவர் வருத்தப்படுகிற குரலில் பேசினார்.

“அப்படியென்றால் இயக்குபவருக்குத் தெரியாமல் யார் வேண்டுமானாலும் கருவியிடம் போகலாம் என்றாகிறது. இவர் ஒரு நாள் ஏறினார், நமக்குத் தெரிகிறது. மற்ற நாள்களில் யார் ஏறினார்கள்? புவான், இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எப்படி நீக்குவது? எழுநூற்று இருபதையும் நீக்கத்தான் வேண்டும்.”

புவான் பேனாவின் மூடியைத் திறந்தார்.

7.

பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் நாம் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம். கதையில் மட்டும்தான் இந்த வசதி.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில், துளசி பேசவில்லை. எழுநூற்று இருபதும் குப்பைக்குப் போகிறது, இரவிலும் கல் உடைகிறது, முத்தம்மா கடைசி ஜன்னலையும் சாத்துகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவதில், துளசி பேசுகிறாள். புவான் ஒரு பொட்டை மட்டும் அடித்துவிட்டு அட்டவணையைப் புரட்டுகிறார். பகல் 138, இரவு 30. அனுமதி மறுக்கப்படுகிறது. தாமானே கொண்டாடி விறகடுப்பில் பொங்கல் வைக்கிறது. மூக்கன் மறுபடி இருமுகிறான்.

மூன்றாவதில், அவள் பேசுகிறாள், புவான் கேட்கிறார், பிறகு, ‘நீயே இப்படிச் செய்தால்—’

(இந்த வாக்கியத்தை ஏழு முறை முடித்துப் பார்த்து ஏழு முறையும் அழித்துவிட்டேன்.)

எந்த முடிவு என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது அளந்தது மட்டும்தான். அடுத்த ஒரு நிமிடத்தை எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு பக்கம் எழுதினேன்.

துளசி எழுந்தாள். நாடாச் சுருள் மடியிலிருந்து விழுந்து, உருண்டு, தரையில் நீளமாகப் பிரிந்தது. பொட்டு பொட்டாக மேசை வரைக்கும் போனது. யாரும் எடுக்கவில்லை.

“அப்பா, உக்காருங்க,” என்றாள் தமிழில். “நீங்க அன்னைக்கு பட்டர்வொர்த்துல இருந்தீங்க.”

சீனி உட்காரவில்லை. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அவள் புவானைப் பார்த்தாள். குளியலறையில் பழகிய வாக்கியம் வரவில்லை. அதைவிடச் சின்னதாக வேறொன்று வந்தது.

“புவான், என்னைத் தவிர யாரும் மேலே ஏறவில்லை. பதினேழாம் நாள், காலை பத்தேகால். பம்பு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொட்டு வைத்தது, மாலை போட்டது, சாம்பிராணி காட்டியது எல்லாம் நான்தான்.”